புத்தக முட்டாளும் மூக்குக் கண்ணாடியும்

பாசல் நகரத்தில் மாசியிலோ பங்குனியிலோ ஒரு திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்குத் தெருவிளக்குகள் ஒரேயடியாக அணைந்துபோகும். முகமூடிகள், மேளம், குழல் என்று மூன்று நாட்களுக்கு நகரம் தன் வசத்தில் இராது. காலை வேலைக்குப் போகும் எமது ஆட்கள் 'விசரங்கள்' என்று முணுமுணுத்தபடி ட்ராம் வராத தெருக்களால் நடந்து போவார்கள். அந்த நாட்களில் சாப்பாட்டுக் கடைகளுக்குள் பாட்டுக்காரர்கள் புகுந்து அமைச்சர், வங்கிக்காரர், பத்திரிகையாசிரியர் என்று ஒருவர் விடாமல் நக்கலடித்துப் பாடுவார்கள். எவரும் வழக்குப் போடுவதில்லை.

1494ம் ஆண்டு இதே களியாட்ட நாட்களில், இதே பாசலில்தான் ஜேர்மன் மொழியின் மிகப் பெரிய நக்கல் புத்தகம் அச்சேறியது. பெயர் 'முட்டாள்களின் கப்பல்'. எழுதியவர் செபஸ்டியான் பிரான்ட். ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்து பாசல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அங்கேயே சட்டம் கற்பித்தவர். ஒரு கப்பல் நிறைய முட்டாள்கள். குடிகாரன், சூதாடி, பேராசைக்காரன், வம்பளப்பவன் என்று நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டாள்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். அவற்றில் கணிசமானவை இளைஞனாக இருந்த ஆல்பிரெக்ட் டூரரின் கைவண்ணம் என்று கருதப்படுகிறது.

இங்கு எமது கவனத்துக்குரியது, இந்தக் கப்பலில் முதல் ஆளாக ஏறுபவன் யார் என்பதே. குடிகாரன் அல்ல, சூதாடி அல்ல. புத்தகக்காரன்! தலையில் மணி தொங்கும் கோமாளிக் குல்லா, மூக்கில் கண்ணாடி, சுற்றிவரப் புத்தகங்கள், கையில் ஈ கலைக்கும் ஒரு விசிறி. தன்னிடம் ஏராளமான நூல்கள் உண்டு, அவற்றை மிகவும் மதிக்கிறேன், ஈ மொய்க்க விடமாட்டேன், ஆனால் உள்ளே இருப்பது விளங்காது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். சபையில் அறிவு சார்ந்த பேச்சு எழுந்தால் 'அதெல்லாம் வீட்டில் இருக்கிறது' என்கிற மாதிரிச் சொல்லித் தப்பிவிடுகிறான். எமது வீடுகளின் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிகளில், கிறிஸ்டல் அன்னங்களுக்கும் பிள்ளையின் நடனக் கிண்ணங்களுக்கும் இடையில் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நிற்கும் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வன்' உங்களுக்கு ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

புத்தகத்தை வைத்துச் சிரிப்பது பிரான்டின் கண்டுபிடிப்பு அல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் பிறந்து கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், படிக்கத் தெரியாமல் புத்தகம் வாங்கிக் குவிக்கும் ஒரு பணக்காரனை நார் நாராகக் கிழித்திருக்கிறார். மொட்டைத் தலையன் சீப்பு வாங்குவதைப் போலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். அதற்குச் சில நூற்றாண்டுகள் பின் தொகுக்கப்பட்ட 'பிலோகெலோஸ்' என்ற கிரேக்க நகைச்சுவைத் தொகுப்பில் 260க்கு மேற்பட்ட துணுக்குகள் உண்டு. அதன் கதாநாயகனே படித்த முட்டாள்தான். அவற்றில் ஒன்று: வெளியூரில் படிக்கும் மகன் காசு முடிந்துபோக, புத்தகங்களை விற்றுவிட்டுத் தகப்பனுக்குக் கடிதம் எழுதுகிறான். 'சந்தோஷப்படுங்கள் அப்பா, என் புத்தகங்கள் எனக்கு இப்போதே சோறு போடத் தொடங்கிவிட்டன.' ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழமையான பகிடி இது. பட்டம் பெற்றவர்கள் பாத்திரம் கழுவும் எமது சமூகத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் பிரான்டின் காலத்தில் ஒரு புதிய நிலைமை இருந்தது. அச்சு இயந்திரம் வந்து நாற்பது வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை மடாலயங்களில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்த புத்தகம் சந்தைப் பொருளாகிவிட்டது. காசுள்ள வியாபாரி எவனும் நூலகம் வைக்கலாம். பாசல் அந்தச் சந்தையின் முக்கியமான பட்டறைகளில் ஒன்று. ஆகவே புத்தக முட்டாள் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல, அச்சகங்களின் வாடிக்கையாளன்! இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகம் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்று நக்கலடித்த இந்தப் புத்தகத்துக்கு அதே 1494ம் ஆண்டிலேயே வேறு நகரங்களில் திருட்டுப் பதிப்புகள் வந்துவிட்டன. ஸ்ட்ராஸ்பூர்க்கில் வந்த ஒன்றில் யாரோ ஒருவர் தமது சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டிருந்தார். அந்த வரிகள் தன்னுடையவை அல்ல என்று பிரான்ட் 1499ம் ஆண்டுப் பதிப்பில் கண்டனம் எழுத வேண்டியதாயிற்று.

அடுத்த தலைமுறையின் பெரிய சிரிப்புக்காரர் எராஸ்மஸ். 1509இல் லண்டனில் தோமஸ் மோரின் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதி 1511இல் வெளியிட்ட 'மடமையின் புகழ்' நூலில் மடமைத் தேவதையே மேடையேறித் தன் பக்தர்களைப் பட்டியலிடுகிறாள். எழுத்தாளர்கள் அதில் தவறாமல் வருகிறார்கள். சேர்க்கிறார்கள், வெட்டுகிறார்கள், ஒளித்து வைக்கிறார்கள், திரும்ப எடுக்கிறார்கள், நண்பர்களுக்குக் காட்டுகிறார்கள், ஒன்பது வருடம் கிடப்பில் போடுகிறார்கள், இறுதியில் நாலு பேரின் பாராட்டுக்காக நித்திரையையும் கண்பார்வையையும் இழக்கிறார்கள். முந்நூறு பிரதி அடித்து இருநூற்றைம்பதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் எமது கவிஞர்கள் எவரும் இதை அவமதிப்பாக எடுக்கத் தேவையில்லை. எராஸ்மஸ் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

1515இல் பாசலில் புரோபன் அச்சகம் வெளியிட்ட பதிப்பின் ஒரு பிரதி மிக்கோனியுஸ் என்ற பாடசாலை ஆசிரியரிடம் இருந்தது. அதன் ஓரங்களில் படம் கீறியவர் அப்போது பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஹான்ஸ் ஹோல்பைன். அதில் ஒரு படம் மேசையருகே எழுதிக்கொண்டிருக்கும் இளமையான எராஸ்மஸ். அதைப் பார்த்த எராஸ்மஸ், இப்போதும் இப்படி இருந்தால் நான் பெண் தேடலாமே என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தப் பிரதி இன்றும் பாசல் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிரித்த புத்தகத்தின் ஓரத்தில் இன்னொருவன் சிரித்திருக்கிறான். அதைக் கிழித்தெறியாமல் ஒரு நகரம் ஐந்நூறு வருடங்களாகப் பாதுகாத்து வந்திருக்கிறது.

* * *

இதுவரை சொன்னவை எல்லாம் புத்தகக்காரர்கள் தமக்குள் சிரித்துக்கொண்ட கதைகள். இனி வருவது அப்படியல்ல.

1509இல் ஜோஹனஸ் பெஃபர்கோர்ன் என்பவர், யூதராகப் பிறந்து கிறிஸ்தவராக மதம் மாறியவர், சக்கரவர்த்தி முதலாம் மாக்ஸிமிலியனிடம் ஒரு ஆணையைப் பெற்றார். யூதர்களின் நூல்களைப் பறிமுதல் செய்து, கிறிஸ்தவத்துக்கு எதிரானவற்றை அழிப்பதற்கான ஆணை. கொலோன் நகரத்து டொமினிக்கன் துறவிகள் அவர் பின்னால் நின்றார்கள். பிராங்பேர்ட்டில் வேலை தொடங்கியது. தொழுகைக் கூடங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் நூல்கள் எடுத்துச் செல்லப்பட்டன. யூதர்களின் முறைப்பாடுகளால் 1510இல் அவை திருப்பிக் கொடுக்கப்பட்டாலும் விவகாரம் முடியவில்லை. சக்கரவர்த்தி பல்கலைக்கழகங்களிடமும் சில அறிஞர்களிடமும் அபிப்பிராயம் கேட்டார். நூல்களை அழிப்பதைத் தெளிவாக எதிர்த்தவர் ஒருவர்தான்: ஜோஹனஸ் ரொய்க்லின். இவரும் பாசலில் படித்தவர். 1506இல் ஹீப்ரு மொழிக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதியவர்.

ரொய்க்லினின் வாதங்கள் ஒரு சட்டத்தரணியின் வாதங்கள். யூதர்கள் இந்தப் பேரரசின் சக பிரசைகள், அவர்களது சொத்தை எடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றார். தல்மூத்தை எரிக்கச் சொல்பவர்களில் அதைப் படித்தவர் யார் என்று கேட்டார். இரட்டை விலை கொடுக்கத் தயாராக இருந்தும் ஒரு பிரதி பெறத் தன்னால் முடியவில்லை என்றும் எழுதினார். வெளிப்படையாக இழிவு செய்யும் ஓரிரு நூல்களை விசாரணைக்குப் பின் அழிக்கலாம் என்று அவரும் சொன்னார் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அன்றைய ஐரோப்பாவில் 'சக பிரசைகள்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, வருடா வருடம் விசாவைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

பெஃபர்கோர்ன் 1511இல் 'கைக்கண்ணாடி' என்று ஒரு பிரசுரம் வெளியிட்டு ரொய்க்லினைத் தாக்கினார். யூதரிடம் காசு வாங்கியவர் என்றும் எழுதினார். அதே வருடம் ரொய்க்லினின் பதில் வந்தது: 'கண்ணாடி', அதாவது மூக்குக் கண்ணாடி. அட்டையில் ஒரு சோடி மூக்குக் கண்ணாடியின் படம். பெஃபர்கோர்ன் 'தீக்கண்ணாடி' என்று திருப்பி அடித்தார். முகம் பார்ப்பதற்கும் மூக்கில் போடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழருக்கு இந்தச் சிலேடை உடனே பிடிபடும். கண்டன நூலுக்குக் கண்ணாடி என்று பெயர் வைப்பதும் எமக்குப் புதிதல்ல. வள்ளலாரின் பாடல்களுக்கு எதிராக எங்கள் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை எழுதிய நூலின் பெயரில் இருக்கும் 'ஆபாச தர்ப்பணம்' என்பதில் தர்ப்பணம் கண்ணாடிதான்.

ரொய்க்லினின் 'கண்ணாடி' 1514இல் கொலோனில் பகிரங்கமாக எரிக்கப்பட்டது. அதே வருடம் ஸ்பையர் நகரத்து ஆயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எதிரிகள் வழக்கை ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். தனக்கு ஆதரவாக இருந்த பெரிய மனிதர்களின் கடிதங்களைத் திரட்டி 'புகழ்பெற்ற மனிதரின் கடிதங்கள்' என்று ரொய்க்லின் வெளியிட்டார். 1515இல் இன்னொரு கடிதத் தொகுதி வந்தது. பெயர்: 'புகழற்ற மனிதரின் கடிதங்கள்'.

ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்டது ஹாகெனௌவில். ஆனால் வெனிஸ் நகரத்துப் பிரபல அச்சகத்தின் பெயரைப் பொய்யாகப் போட்டிருந்தது. கடிதங்கள் எல்லாம் கொலோனில் ரொய்க்லினுக்கு எதிராக நின்ற பேராசிரியர் ஓர்ட்வின் கிராட்டியுசுக்கு அவரது சீடர்களும் நண்பர்களும் எழுதியவை போல இருந்தன. எழுதியவர்களின் பெயர்களே கதை சொல்லும். ஒருவர் டோலன்கோப்பியுஸ், தமிழில் 'விசர்த்தலையர்'. ஜேர்மன் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த சமையலறை இலத்தீன் நடை.

முதல் கடிதத்தில் ஒரு பெரிய பிரச்சினை. விரைவில் இறையியல் கலாநிதி ஆகப் போகும் ஒருவரை 'எமது ஆசானாகப் போகிறவர்' என்று அழைப்பதா, 'ஆசானாகப் போகிற எமது' என்று அழைப்பதா? விருந்து மேசையில் வாதம், மேற்கோள், சாராயம். பல்கலைக்கழகப் பொது அறையில் முதுநிலை விரிவுரையாளர்களுக்கும் சிரேஷ்ட விரிவுரையாளர்களுக்கும் இடையே கதிரை வரிசை பற்றி நடந்த விவாதங்களைக் கேட்டவன் என்ற முறையில் இதில் மிகை எதையும் நான் காணவில்லை. இன்னொரு கடிதத்தில் விசர்த்தலையர் ஓவிட்டின் புராணக் கதைகளுக்குக் கிறிஸ்தவ உட்பொருள் சொல்லி, டயானா தேவியைக் கன்னி மரியாளாக்கிவிடுகிறார்.

எனக்குப் பிடித்தது சீசரின் போர்க் குறிப்புகள் பற்றிய கடிதம். ஒரு வைத்தியர் எராஸ்மஸ் இருந்த சபையில் நிரூபிக்கிறார்: போரிலும் ஓயாத உழைப்பிலும் இருப்பவனுக்கு இலத்தீன் படிக்க நேரம் கிடையாது; சீசர் ஓயாமல் போரில் இருந்தார்; ஆகவே அந்த நூலைச் சீசர் எழுதியிருக்க முடியாது, வேறொருவர்தான் எழுதினார்! எராஸ்மஸ் பதில் சொல்லாமல் சிரித்தார், அவர் வாயடைத்துப் போனார் என்று வைத்தியர் பெருமைப்படுகிறார். பட்டியில் வரும் பெட்டிகளை எட்டரை மணி நேரம் அடுக்கும் ஒருவனுக்கு இந்தத் தர்க்கம் வேறு விதமாகவும் கேட்கும். 'வேலைக்குப் போறவனுக்கு என்ன எழுத்து, என்ன வரலாறு' என்று எமது இலக்கியக் கூட்டங்களிலேயே அதைக் கேட்டிருக்கிறேன், எராஸ்மஸ் பக்கத்தில் இல்லாமல்.

இந்த நூலின் உண்மையான வெற்றி எது தெரியுமா? யாரை நக்கலடித்ததோ அவர்களில் சிலரே அதைத் தமக்கு ஆதரவான நூல் என்று நம்பினார்கள். பிரபாண்டில் ஒரு டொமினிக்கன் மடத்துத் தலைவர் தமது சபையின் பெருமைக்காக எழுதப்பட்டது என்று நினைத்துப் பிரதிகளை வாங்கிப் பெரியவர்களுக்கு அனுப்பினாராம். எராஸ்மஸ் பின்னர் எழுதிய தகவல் இது. தோமஸ் மோரும் எராஸ்மசுக்கு எழுதிய கடிதத்தில் இதையே சொல்கிறார்: நாம் சிரித்தால் அவர்கள் மொழிநடைக்குத்தான் சிரிக்கிறோம் என்று எண்ணி, நடை மட்டமானாலும் கருத்து உயர்ந்தது என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

1517இல் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பாப்பரசர் பத்தாம் லியோ நூலைக் கண்டித்து ஆணையிட்டார். 1518இல் கிராட்டியுஸ் தரப்பு 'புகழற்ற மனிதரின் புலம்பல்கள்' என்று பதில் நகைச்சுவை ஒன்று வெளியிட்டது. எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

* * *

இனி, இந்தக் கதையில் சங்கடமான பகுதி. புத்தக எரிப்புக்கு எதிரான இந்தச் சிரிப்பு தூய்மையானதா? இல்லை. யூத நூல்களைக் காப்பாற்றும் பக்கத்தில் நின்ற அதே கடிதங்கள் பெஃபர்கோர்னை அடிக்கும்போது அவரது யூதப் பிறப்பைத்தான் பிடித்து அடிக்கின்றன. மதம் மாறினாலும் நாற்றம் போகாது என்கிற பாணியில். எராஸ்மசும் அவரை ஏறக்குறைய அப்படித்தான் திட்டினார். யூதரின் புத்தகத்தைக் காப்பாற்றிய மனிதநேயவாதிகளில் பலருக்கு யூதரைப் பிடிக்காது. தமக்குப் பழக்கமான மொழி ஒன்றைக் கொலோன் துறவிகள் பறிக்க வருகிறார்கள் என்பதே அவர்களது கோபம். ரொய்க்லின் சொன்ன 'சக பிரசைகள்' என்ற சொல்லை அந்தச் சிரிப்பு கையிலெடுக்கவில்லை. சாதிப் பெயரைச் சொல்லாமல் ஒரு பகிடிகூட விடத் தெரியாத எமது முற்போக்காளர்கள் சிலரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1520இல் ரோமாபுரி இறுதியாக ரொய்க்லினுக்கு எதிராகத் தீர்ப்பளித்து அவரது 'கண்ணாடி'யைத் தடை செய்தது. ஆனால் அதே ஆண்டு, அதே பாப்பரசரின் காலத்தில், வெனிசில் டானியல் பொம்பெர்க் தல்மூத்தை முழுமையாக அச்சிடத் தொடங்கிவிட்டார். 1553இல் ரோமாபுரியில் தல்மூத் எரிக்கப்பட்டது. 1578க்கும் 1580க்கும் இடையில் பாசலில் அது திரும்ப அச்சானது, தணிக்கைக்காரர் அகற்றிய பகுதிகள் இல்லாமல். சிரிப்பு தீயை அணைத்தது என்று வரலாற்றில் எங்கும் எழுதப்படவில்லை. தீ வைப்பவர்களைப் படித்தவர்கள் மத்தியில் தலைநிமிர முடியாமல் செய்தது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமல்ல; கிராட்டியுசின் பெயர் இன்றும் அந்த நக்கலுக்காகவே நினைக்கப்படுகிறது.

தமிழில் புத்தகச் சிரிப்பு வேறு பாதையில் போனது. எமது மரபில் விமர்சகனின் கையில் எப்போதும் ஓர் ஆயுதம் இருந்தது. பிழையாகப் பாடினால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவார். இவர்கள் இல்லாததால் கண்டவனெல்லாம் புலவனாகிவிட்டான் என்று படிக்காசுப் புலவர் பேரில் ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. பாடசாலையில் இதை ஆசிரியர் சிரித்துச் சிரித்துச் சொல்வார், நாங்களும் சிரிப்போம். விதிவிலக்கு சீத்தலைச் சாத்தனார் ஒருவர். பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம். இந்தக் கதைகள் கட்டுக்கதைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதைக் கற்பனை செய்து ஒரு சமூகம் சிரிக்கிறது என்பது கட்டுக்கதை அல்ல.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை 97,000 நூல்கள் என்று கணக்கிடப்பட்டது. எரித்தவர்கள் சீருடைக்காரர்கள். அதைப் பற்றி நாம் புலம்பல் எழுதினோம், கண்டனம் எழுதினோம், நல்ல கவிதைகளும் எழுதினோம். 1994 மே 1ம் திகதி, எழுத்து, பதிப்பு என்று இயங்கிய சபாலிங்கம் பாரிசில் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டபோது, புலம்பெயர்ந்த எமது பத்திரிகைகளில் பல வாய் திறக்கவேயில்லை. ஒட்டக்கூத்தர் கதைக்குச் சிரித்து வளர்ந்த நாங்கள் இரண்டாவதைப் பற்றி முதலாவதைப் பற்றிப் பேசியதுபோலப் பேசியிருக்கிறோமா? இதை விவாதத்துக்காகவே எழுதுகிறேன்.

* * *

'புகழற்ற மனிதரின் கடிதங்க'ளை எழுதியவர்கள் பிரதானமாக இருவர். முதல் பாகத்தில் பெரும் பங்கு குரோட்டுஸ் ரூபியானுஸ், இரண்டாம் பாகத்தில் உல்ரிக் ஃபொன் ஹூட்டன். குரோட்டுஸ் பிற்காலத்தில் பழைய திருச்சபைக்கே திரும்பிப் பத்திரமாக வாழ்ந்தார். ஹூட்டனின் கதை வேறு.

ஹூட்டன் ஒரு வறிய பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1517இல் சக்கரவர்த்தி மாக்ஸிமிலியனே அவருக்குக் கவிஞர் முடி சூட்டினார். யூத நூல் பறிமுதலுக்கு ஆணையிட்ட அதே மாக்ஸிமிலியன்! பின்னர் ஹூட்டன் லூதர் பக்கம் சாய்ந்து, ரோமாபுரிக்கு எதிராக வாளையும் பேனாவையும் தூக்கி, தோற்ற பக்கத்தில் மாட்டிக்கொண்டார். 1522 இறுதியில் அகதியாகப் பாசலுக்கு வந்தார். கையில் காசில்லை, உடம்பில் நோய். ஜேர்மனியர் அதைப் பிரெஞ்சு வியாதி என்றார்கள். எமது மூதாதையர் பறங்கிப் புண் என்றார்கள். ஒவ்வொரு நாடும் அதற்குப் பக்கத்து நாட்டின் அல்லது வந்தேறியின் பெயரைத்தான் வைத்தது.

பாசலில் அப்போது எராஸ்மஸ் இருந்தார். பழைய நண்பர், ஒரே சிரிப்பைப் பகிர்ந்தவர். ஆனால் எராஸ்மஸ் அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். சொன்ன காரணம்: ஹூட்டனின் நோய்க்கு அடுப்பு மூட்டிய அறை வேண்டும், எனக்கோ அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாது. பாசல் நகரசபையும் 1523 தொடக்கத்தில் அவரை வெளியேறச் சொன்னது. மூல்ஹௌசுக்குப் போனார். அங்கும் இருக்க முடியவில்லை. நடுவில் எராஸ்மசைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கடைசியில் சூரிச்சில் ஸ்விங்லிதான் இடம் கொடுத்து, வைத்தியம் தெரிந்த ஒரு பாதிரியாரிடம், சூரிச் ஏரியிலுள்ள ஊஃபெனௌ என்ற சின்னத் தீவுக்கு அனுப்பினார். 1523 ஓகஸ்ட் இறுதியில் ஹூட்டன் அங்கே இறந்தார். வயது 35.

பெறுமதியாக அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை, புத்தகமும் இல்லை, தட்டுமுட்டுச் சாமானும் இல்லை, ஒரு பேனாவைத் தவிர என்று ஸ்விங்லி எழுதினார். எராஸ்மசின் பதில் நூல், ஹூட்டன் தெளித்த சேற்றைத் துடைக்கும் 'கடற்பஞ்சு', பாசல் புரோபன் அச்சகத்திலிருந்து வெளிவந்தபோது அதைப் படிக்க வேண்டியவர் உயிரோடு இல்லை.